இரு நாட்டு வர்த்தக சம்மேளனத்தின் நிகழ்வுகளுக்கு மலையகத்திலிருந்து போவதால் தொழிலுக்குப் பயனுண்டா?

ஹட்டனில் சிறு அளவில் தேயிலை பொதி செய்து விற்கும் நீங்கள், கொழும்பில் இயங்கும் இரு நாட்டு வர்த்தக சம்மேளனமொன்றில் சேரலாமா என்றும், அவர்கள் நடத்தும் வணிகச் சந்திப்புகளும் கலை நிகழ்வுகளும் வெறும் விருந்துதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பண்டாரவளையிலிருந்து தேயிலையும் மிளகும் அனுப்பும் சிறு நிறுவனமொன்றில் வேலை செய்பவன் என்ற முறையில், பயனுண்டு என்றே சொல்வேன். ஆனால் எதை எதிர்பார்த்துப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

சம்மேளனத்தால் ஆகாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலை ஏற்றுமதியாளராகப் பதிவதற்கு இலங்கை தேயிலைச் சபையிடமே போக வேண்டும். பொதியில் சிங்க இலச்சினை இடுவதற்கான அனுமதியும் அங்கேதான். தேயிலை முழுவதும் இலங்கையில் விளைந்து இங்கேயே பொதி செய்யப்பட்டிருந்தால்தான் அது கிடைக்கும். இந்தியாவுக்கு அனுப்புவதாயின், 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கை ஆண்டுக்கு 150 இலட்சம் கிலோ வரை தீர்வைச் சலுகை தருகிறது. அதற்கு வேண்டிய மூலச் சான்றிதழை, அதாவது பொருள் இலங்கையினுடையதே என்பதற்கான சான்றை, வழங்குவது வர்த்தகத் திணைக்களம். இவற்றை முடிக்காமல் சம்மேளனத்துக்குப் போனால், வாங்க விரும்பும் ஒருவரைச் சந்தித்தும் விற்க முடியாமல் திரும்ப வேண்டியிருக்கும்.

வாங்குபவரும் விற்பவரும் இடைத்தரகரின்றி நேரில் அறிமுகமாவதற்கான இடம் என்பதே இத்தகைய சம்மேளனத்தின் அடிப்படை. பாரிசில் 1873இல் பிரித்தானிய வணிகர்கள் தமக்கென ஒன்றைத் தொடங்கிய காலத்திலிருந்து அதன் நோக்கம் பெரிதாக மாறிவிடவில்லை. நம் நாட்டில் இலங்கை வர்த்தக சம்மேளனத்தின் கீழ் ஜப்பான், பிரான்ஸ் முதலிய நாடுகளுக்கெனத் தனித்தனி வணிகப் பேரவைகள் இருக்கின்றன. அந்தத் தாய்ச் சம்மேளனம் 1839இல் தொடங்கியது. அது கோப்பிக் காலம். நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து மலையேறிய காலம். இத்தனை ஆண்டுகளாக நம் உழைப்பால் விளைந்த பொருளைப் பேசி விற்கும் அந்த அவைகளில் நம்மவர் மிகக் குறைவு என்பதே, நீங்கள் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற் காரணம்.

இரண்டாவது காரணம் தகவல். 2015இல் கிளைபொசேட் களைக்கொல்லி தடைசெய்யப்பட்டபோது சில தோட்டங்கள் எம்சிபிஏ என்னும் வேறொரு களைக்கொல்லிக்கு மாறின. ஜப்பானிலோ, உணவுப் பொருளில் தங்கிவிடும் களைக்கொல்லி, பூச்சிகொல்லி எச்சங்களுள் தனியாக வரம்பு குறிக்கப்படாத எதற்கும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பு 2006 மே மாதத்திலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. இங்கே களை அழிப்பதற்காக எடுக்கப்பட்ட முடிவு, அங்கே துறைமுகப் பரிசோதனையில் சிக்கலாக முளைத்தது. இப்படியான விதிகளை அந்த நாட்டு இறக்குமதியாளர் ஒருவரே எளிய மொழியில் விளக்கும் கருத்தரங்குகள்தாம் சம்மேளன நிகழ்வுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டவை.

கலை நிகழ்வுகளைப் பற்றி நீங்கள் சற்று ஐயத்தோடு எழுதியிருக்கிறீர்கள். நான் அவற்றை மதிக்கிறேன். காலையில் மேசைக்கு எதிரே அமர்ந்து விலை மட்டும் கேட்டவர், மாலையில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது எந்தத் தோட்டம், எத்தனை அடி உயரம், எந்த மாதத்துக் கொழுந்து என்று கேட்கிறார். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான ஊவாத் தேயிலைக்கு ஏன் அந்தத் தனி வாசம் என்று விளக்க அங்கேதான் நேரம் கிடைக்கிறது. சிறு உற்பத்தியாளரிடம் விலையைக் குறைக்க வசதியிருக்காது. சொல்வதற்கு இதுதான் இருக்கும்.

இவ்விழாக்களில் என் மனத்தை வருத்தும் ஒன்றும் உண்டு. கூடை சுமந்த பெண்களை வாசலில் நிறுத்தி வந்தவர்களை வரவேற்கச் செய்வதோடு மலையகத்தின் பங்கு முடிந்துவிடுகிறது. அவர்களுள் கொழுந்தின் தரத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். மேடையில் அமர்த்திக் கேட்டால் எந்த இறக்குமதியாளரும் குறிப்பெடுத்துக்கொள்வார். அதேபோல, மன்மதன், ரதி கதையை விடிய விடிய தோட்டம் முழுவதும் கூடி ஆடும் காமன் கூத்தைக் குளிரூட்டிய மண்டபத்தில் பத்து நிமிடத்துக்குச் சுருக்கினால், பார்ப்பவருக்கு அதில் எதுவும் புரியாது.

ஆகவே என் யோசனை இது. சம்மேளனங்கள் ஆண்டுக்கு ஒரு நிகழ்வையேனும் மலைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு மாசி மாதமே பொருத்தம். ஜனவரி முதல் மார்ச் வரை, ஹட்டனும் தலவாக்கலையும் அடங்கிய திம்புளப் பகுதித் தேயிலைக்கு உச்சப் பருவம். காமன் கூத்து நடப்பதும் அதே மாசியில்தான். பகலில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் அவ்வாரத் தேயிலையைச் சுவைத்துப் பார்த்து, சிறு உற்பத்தியாளர்களோடு பேசி, இரவில் தோட்டத்து மக்களோடு அமர்ந்து கூத்துப் பார்க்கலாம். கொழும்பில் இரவு நிகழ்வொன்றுக்குப் போனால் தங்கும் செலவையும் நாம் ஏற்க வேண்டியிருக்கிறதே, அந்தச் சுமையும் நீங்கும்.

நீங்கள் உடனே சந்தா கட்ட வேண்டியதில்லை. உறுப்பினரல்லாதோருக்கும் திறந்திருக்கும் கருத்தரங்கு எதுவென்று செயலகத்தில் கேட்டு, விருந்தினராக ஒருமுறை போய்ப் பாருங்கள். மாதிரிப் பொதிகளில் தோட்டம், உயரம், பறித்த மாதம் ஆகியவற்றைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். கண்டியில் மத்திய மாகாண வர்த்தக சம்மேளனமும் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயமும் இருப்பதால், மாசி நிகழ்வுக்கான கோரிக்கையை அங்கிருந்தும் தொடங்கலாம். ஹட்டன் பக்கத்துச் சிறு உற்பத்தியாளர்கள் சேர்ந்து கடிதம் எழுதுவதாயின், ஊவாப் பக்கத்திலிருந்து கையெழுத்துச் சேர்த்துத் தர நான் தயார்.