மணல் மண்ணில் ஊற்றிய தண்ணீர் நிற்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

மணல் துகள் 0.05 முதல் 2 மில்லிமீட்டர் வரை பருமன் உள்ளது. இடைவெளிகளும் பெரிதாக இருப்பதால் நீரும் சத்தும் கீழே இறங்கிவிடுகின்றன. வறண்ட பகுதியில் இதற்கு மட்கைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நன்கு மட்கிய தொழு உரத்தையோ இலைமட்கையோ 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, ஒரு சாண் ஆழம்வரை கிளறிவிடுங்கள். பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம், இளவேர் கருகிவிடும்.

பிறகு ஈரமண்ணை ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். முன்பு விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது, இப்போது லேசாக உருண்டை பிடிக்கும். பார்க்கவே மனம் நிறையும்!

மேலே காய்ந்த இலை, வைக்கோல் என மூடாக்கு கட்டாயம் போடுங்கள், தண்டை ஒட்டாமல். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வெப்பத்தில் மட்கு சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் மறுபடி சேர்க்க வேண்டும்.