நள்ளிரவைத் தாண்டுமா இந்த மணிக்கூடு?

வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு மணிக்கூடு திருத்துபவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, ஒரு மணிக்கூட்டுக் கம்பனி நத்தார்ப் பரிசுப் போட்டி வைத்திருக்கிறது. டிசம்பர் 24 காலை 8 மணிக்கு, திகதியும் கிழமையும் காட்டும், கை அசைய அசையத் தானே முறுக்கிக்கொள்ளும் ஓர் ஆட்டோமேட்டிக் மணிக்கூட்டுக்கு முழுதாகச் சாவி கொடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் மல்லாத்தி வைப்பார்களாம். அது நிற்கும் நேரத்தை மிகக் கிட்டச் சொல்பவருக்கு அதே மணிக்கூடு பரிசு. 41 மணித்தியாலம் ஓடும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. 26 அதிகாலை 1 மணி என்று எழுதலாமா?
– உப்புவெளி வாசகர்

பதில்: தம்பி, கூட்டல் தெரிந்த எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். அந்த ஒரு மணியை மட்டும் எழுதாதீர்கள்.

இதே போட்டியைப் பற்றி ஒரு கிழமையாக என் கடையில் வாக்குவாதம். பின்னேரமானால் மூன்று பேர் வந்து வாங்கில் குந்திவிடுவார்கள். மூவருக்கும் மணிக்கூட்டுப் பைத்தியம். எனக்கு ஒரு சதம் வருமானமில்லை. அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், புது மணிக்கூடு சொன்ன நேரத்தைவிடக் கூடத்தான் ஓடும் என்றார். அது சரி. எண்ணெய் காயாமல், முகம் மேலே பார்த்துக் கிடந்தால் உராய்வும் குறைவு. 44, 45 மணித்தியாலம் ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர் திகதி எண்கள் எழுதிய உள்தட்டை மறந்துவிட்டார். பகலில் அந்தத் தட்டு சும்மா கிடக்கும். இரவு ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு ஒரு பற்சக்கரம் வந்து அதைத் தள்ளத் தொடங்கும். திகதியோடு கிழமையும் இருந்தால் இரட்டைச் சுமை. மணிக்கூட்டை ஓட்டும் சுருள்வில் முழுதாக முறுக்கியிருக்கும்போது இது ஒரு பொருட்டே அல்ல. கடைசிச் சொட்டுப் பலத்தில் ஓடும் மணிக்கூட்டுக்கோ அது மலை. 24ஆம் திகதி நள்ளிரவை அது சிரமமில்லாமல் கடக்கும். 25ஆம் திகதி நள்ளிரவு வரும்போது வில்லில் ஒன்றும் மிஞ்சியிராது.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று, அதே 41 மணித்தியாலக் கணக்குள்ள என் சொந்த மணிக்கூட்டை மூன்று முறை காலை எட்டு மணிக்குச் சாவி கொடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் முறை இரண்டாம் இரவு 11.52க்கு நின்றது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். திகதி ஜன்னலில் பாதி 7, பாதி 8. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டு நிமிடம் ஓடி மறுபடி நின்றது. அடுத்த முறை 11.38. மூன்றாம் முறைதான் என் மானத்தை வாங்கியது: நள்ளிரவைத் தாண்டி, அதிகாலை 4.10 வரை ஓடியது. ஆசிரியர் அன்று எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தந்தார்.

ஆகவே நின்றால் நள்ளிரவுக்கு முன்; தாண்டினால் அந்தச் சுமை குறைந்து விடியப்புறம்வரை ஓடும். நான் 25 இரவு 11.47 என்று எழுதி அனுப்பிவிட்டேன். நீங்கள் வேறு நிமிடம் எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, நத்தாருக்கும் மணிக்கூட்டுக்கும் அப்படி என்ன உறவு?
– நிலாவெளி வாசகி

பதில்: வியாபார உறவுதான் பிள்ளை. ஆனால் ஒரு நத்தார் உண்மையிலேயே முக்கியமானது. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ கம்பனி ‘அஸ்ட்ரோன்’ என்ற முதலாவது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை, அதாவது பற்றரியில் ஓடிக் குவார்ட்ஸ் பளிங்கின் அதிர்வால் நேரம் காட்டுவதை, விற்பனைக்கு விட்டது. விலை 450,000 யென். அன்றைக்கு ஒரு சிறிய காரின் விலை. மாதத்துக்கு ஐந்து விநாடிக்கு மேல் பிசகாது என்றார்கள். பிறகு அந்த வகை மலிந்து மலிந்து, திருத்துவதைவிடப் புதிது வாங்குவது லாபம் என்ற நிலை வந்தது. இன்று என் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி பற்றரி மாற்றும் வேலை. உலகத்துக்குக் கிடைத்த அந்த நத்தார்ப் பரிசு எனக்குக் கிடைத்த பரிசு அல்ல.

கேள்வி: மணிக்கூடு பரிசு விழுந்திருப்பதாகவும் சுங்கத் தீர்வைக்கு 8,500 ரூபா அனுப்பும்படியும் தகவல் வந்தது. நான் எந்தப் போட்டியிலும் சேரவில்லையே?
– கிண்ணியா வாசகர்

பதில்: பிறகென்ன கேள்வி? அனுப்பாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் சீக்கோ 5 மணிக்கூட்டுக்கு எவ்வளவு சாவி சுற்றியும் பிடிப்பே இல்லை. பழுதா?
– பாலையூற்று வாசகர்

பதில்: பின்மூடியில் 7எஸ்26 என்று இருந்தால் பழுதில்லை. அந்த இயந்திரத்துக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. உள்ளே சுழலும் பாரத்தகடு ஒன்றே வில்லை முறுக்கும். முகம் மேலே பார்க்கப் பிடித்து அரை நிமிடம் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிவிட்டுக் கையில் கட்டுங்கள். திகதியை இரவு ஒன்பது மணியிலிருந்து விடியும்வரை மாற்றாதீர்கள்; பல் உடையலாம். அப்படியும் ஓடாவிட்டால் எண்ணெய் காய்ந்திருக்கும், கொண்டு வாருங்கள். மழைக்கு, நம் நகரத்தில் திரியும் மான்கள் கடைவாசலில் படுத்திருக்கும். அவற்றை எழுப்பாமல் தாண்டி வாருங்கள்.