ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் லைனும் டிரெயினும்: கேள்வி பதில்

தாம்பரம்: ஐஸ் மேக்கர் உள்ள சைடு-பை-சைடு ஃபிரிட்ஜ். நான்காவது மாடி, அதற்கு மேல் மொட்டைமாடித் தொட்டி. நேரடி லைன் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. பெரும்பாலான ஃபிரிட்ஜ்களுக்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ (தண்ணீர் அழுத்தத்தின் அலகு) வேண்டும், சிலவற்றுக்கு 30. உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு 1.4 பிஎஸ்ஐதான் கிடைக்கும். தொட்டியின் நீர்மட்டம் வால்வுக்கு மேலே 14 மீட்டர் இருந்தால்தான் 20 வரும். உங்களுக்கு நான்கைந்து பிஎஸ்ஐ தேறினால் அதிகம்.

பிரஷர் குறைந்தால் ஐஸ் சிறுக்கும், அது சின்னத் தொல்லை. உள்ளே இருக்கும் சோலினாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தால் திறக்கும் வால்வு, தண்ணீரின் அழுத்தத்தால்தான் இறுக மூடுகிறது. அழுத்தம் போதாவிட்டால் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு ஃப்ரீசருக்குள் குழாய் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். 'ஐஸ் மேக்கர் செத்துவிட்டது' என்ற புகார்களில் பல இதுதான்.

தீர்வு: பிரஷர் சுவிட்ச் உள்ள சிறிய டயஃப்ரம் பம்ப், அதன் பின்னால் ஆர்ஓவுக்கு விற்கும் சிறிய பிரஷர் டேங்க். ஆர்ஓ மெம்பிரேனுக்கு முன்னால் போடும் பூஸ்டர் பம்பை மட்டும் மாட்டி ஏமாறாதீர்கள். அது அழுத்தம் தரும், அளவு தராது. ஃபிரிட்ஜ் வால்வு சில நொடிகளே திறக்கிறது. அதற்குள் தட்டு நிரம்பியாக வேண்டும்.

கோவை: சுவரில் ஆர்ஓ இருக்கிறது. அதிலிருந்து ஒரு டியூப் இழுத்தால்?

சுவர் ஆர்ஓவின் தொட்டியில் அழுத்தமே கிடையாது, தண்ணீர் தானாக இறங்குகிறது. அங்கிருந்து எடுத்தாலும் மேலே சொன்ன பம்பும் டேங்கும் வேண்டும். தொட்டி காலியானால் பம்ப் வெறுமனே ஓடாமலிருக்க ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போடுங்கள். மற்றபடி நல்ல யோசனை. போர் தண்ணீரை அப்படியே விட்டால் வால்வில் உப்புப் படியும், ஐஸ் உருகும்போது டம்ளரில் வெள்ளைத் துகள் மிதக்கும்.

மதுரை: லைனை எங்கிருந்து எடுப்பது? பிளம்பர், பைப்பில் ஓட்டை போட்டு கிளாம்ப் வால்வு மாட்டலாம் என்கிறார்.

வேண்டாம். அந்த ஓட்டை சிறியது, உப்பால் அடையும். ரப்பர் தளர்ந்தால் சுவருக்குள் கசியும். சிங்க் அடியில் ஆங்கிள் காக்குக்கு முன் அரை இன்ச் டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, கால் இன்ச் வால்வு எடுங்கள். டெஃப்லான் டேப் திரெட்டுக்கு மட்டும். டியூபை நேராக வெட்டி, புஷ் ஃபிட்டிங்கில் அடிவரை தள்ளி, கிளிப் போடுங்கள். ஃபிரிட்ஜ் பின்னால் இரண்டு மீட்டர் சுருள் விடுங்கள், இழுத்துத் துடைக்க வேண்டுமே. வெயில் படும் இடத்தில் வெள்ளை டியூப் போனால் பாசி பிடிக்கும்.

ஊருக்குப் போகும்போது அந்த வால்வை மூடுங்கள்.

ஈரோடு: ஃபிரிட்ஜ் ஐஸ் மேக்கருக்கு டிரெயின் (கழிவுநீர்க் குழாய்) வேண்டுமா?

வேண்டாம். விட்ட தண்ணீர் முழுதும் ஐஸாகிவிடும்.

புதுச்சேரி: கவுண்டர் அடியில் வைக்கும், கண்ணாடி போன்ற ஐஸ் தரும் மெஷின். டிரெயின் எப்படி?

இதற்குக் கட்டாயம் வேண்டும். குளிர்ந்த தகட்டின் மேல் தண்ணீரை ஓடவிட்டே ஐஸ் உறைகிறது. உப்பு மிஞ்சிய தண்ணீரை மெஷின் வெளியே தள்ளும். ஐஸ் பெட்டியும் ஃப்ரீசர் அல்ல, வெறும் காப்பிட்ட பெட்டி. உருகுவது ஓயாது.

மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு. நடுவில் தொய்வோ ஏற்றமோ கூடாது. தொய்ந்த இடத்தில் வழவழப்புச் சேர்ந்து அடைக்கும். தரை டிராப் (தண்ணீர் நிற்கும் கழிவு வாய்) மெஷினின் வாய்க்குக் கீழே இல்லையென்றால் டிரெயின் பம்ப். பம்பின் ஓவர்ஃப்ளோ ஒயரை (பம்ப் நிரம்பி வழியப்போனால் மெஷினை நிறுத்துவது) மெஷினோடு இணைக்க மறக்காதீர்கள். முக்கியமானது: குழாய் முனை டிராப்பைத் தொடக் கூடாது, ஒரு இன்ச்சாவது மேலே நிற்க வேண்டும்.

திருச்சி: எதற்கு இந்த இடைவெளி? சிங்க் வேஸ்ட் பைப்பில் டீ போட்டால் முடிந்தது. வாஷிங் மெஷினும் அப்படித்தானே?

வாஷிங் மெஷின் பம்ப் வைத்துத் தள்ளுகிறது, ஹோஸும் மேலே ஏறி இறங்குகிறது. ஐஸ் மெஷினின் வாய் தரைக்குச் சற்று மேலே. வேஸ்ட் பைப் அடைத்த நாளில் சிங்கில் ஊற்றிய சாம்பார்த் தண்ணீர் தாழ்ந்த வாயைத் தேடும். அது உங்கள் ஐஸ் பெட்டி.

திருச்சி: டிராப் இருக்கிறதே!

டிராப் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கும். எதிர்த்து வரும் தண்ணீரைத் தடுக்காது.

சேலம்: திருச்சிக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால்?

தானாக இறங்கும் தண்ணீருக்கு ஸ்பிரிங்கைத் திறக்க வலுவில்லை. ஸ்பிரிங் இல்லாத மடல் வகையோ வழவழப்புப் படிந்து பாதி திறந்தே நிற்கும். ஐஸ் என்பது வாயில் போடும் பொருள். இடைவெளிக்குச் செலவு ஒரு புனல்தான்.

வேலூர்: மேல்தொட்டி பிரஷர் போதுமா?

முதல் பதில்.

நாகர்கோவில்: மூன்றாம் மாடி, தொட்டி ஐந்தாம் மாடி மேல். பிரஷர்...

பதினான்கு மீட்டர். டேப்பை எடுத்து அளந்துவிட்டு வாருங்கள்.

கும்பகோணம்: புது லைன். ஐஸில் பிளாஸ்டிக் வாடை.

ஃபிரிட்ஜில் மாட்டும் முன் டியூபைத் திறந்து பத்து லிட்டர் வாளியில் ஓடவிட்டிருக்க வேண்டும். இப்போதும் செய்யலாம், பிறகு முதல் மூன்று ஈடு ஐஸைக் கொட்டிவிடுங்கள். அப்படியும் வாடை வந்தால் டியூப் குடிநீர்த் தரமில்லை, மாற்றுங்கள். ஊருக்குப் போனால் வால்வை மூட வேண்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்: ஃப்ரீசரே குளிரவில்லை. லைனில் கோளாறா?

இல்லை. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.