நீலம் ஏறினால் வாய் போச்சு: பழைய கோடாலி – வாசகர் கேள்வி பதில்

பரணில் ஒரு பழைய கோடாலி கிடந்தது. தலை முழுக்கத் துரு, காம்பு உளுத்துப்போயிருக்கிறது. சரிசெய்யலாமா, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

துருவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது பெரும்பாலும் மேல்தோல் சமாச்சாரம். முதலில் காம்பு நுழையும் துளையின் சுவரைத் துடைத்துப் பாருங்கள். அதில் விரிசல் ஓடியிருந்தால் அந்தத் தலையை விட்டுவிடுவதே நல்லது. வெல்டிங் வைத்தாலும் நம்பி ஓங்க முடியாது.

அடுத்தது வாய், அதாவது வெட்டும் விளிம்பு. நல்ல அரம் ஒன்றை எடுத்து வாயில் ஒருமுறை இழுங்கள். முரண்டு பிடித்துக்கொண்டே கொஞ்சம் பொடி எடுத்தால் பதம் இருக்கிறது. தடையே இல்லாமல் வழித்துக்கொண்டு போனால் பதம் போய்விட்டது. கண்ணாடியில் இழுத்ததுபோல வழுக்கினால் கடினம் அளவு மீறிவிட்டது. கணுவில் பட்டதும் வாய் தெறிக்கும். அதே அரத்தை வாயிலிருந்து 5 செ.மீ. தள்ளி உடம்பிலும் இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே தெரியும்.

பின்தலை அடிபட்டுக் காளான்போல விரிந்திருந்தால் அந்த உதடுகளை ராவி எடுத்துவிடுங்கள். அடுத்த அடியில் தெறித்துக் கண்ணில் பாய்வது அதுதான்.

உளுத்த காம்பு வெளியே வரமாட்டேன் என்கிறது. தலையை நெருப்பில் போட்டு மரத்தை எரித்துவிடலாமா?

கூடாது. மரம் எரிவதற்குள் வாயின் பதமும் போய்விடும். காம்பைத் தலைக்குக் கீழே ஒட்ட அறுத்துவிட்டு, துளைக்குள் இருக்கும் மரத்தில் நாலைந்து ஓட்டை போட்டு நெகிழவிடுங்கள். ஆப்பு வைத்த காம்பென்றால் துளை மேல்பக்கம் அகன்றிருக்கும். அதனால் கீழிருந்து மேலாகத் தட்டினால்தான் கழன்று வரும்.

துரு போக வினிகரில் 2 நாள் ஊறப்போட்டேன். தலை கறுத்து, சொரசொரப்பாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அதிகமாக ஊறிவிட்டது. சாதாரண 5 சதவீத வினிகருக்கு 12 மணி நேரம் போதும். கெட்டித் துருவென்றால் 24 மணி. அமிலம் துருவைத் தின்று முடித்ததும் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். ஊறப்போடும் முன் எண்ணெய்ப் பிசுக்கு போக சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தில் வினிகர் ஏறாது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். முடிந்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து கழுவி, உடனே ஈரம் ஒட்டத் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். அப்படியே வைத்தால் கண்ணெதிரே மஞ்சள் துரு பூக்கும். அந்தக் கறுப்பு மேல்படிவுதான், இரும்புக் கம்பளியால் தேய்த்தால் போய்விடும்.

முழுக்கத் தேய்ப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பல கோடாலிகளில் வாயை ஒட்டி ஒரு நிறமும் அதற்குப் பின்னால் வேறொரு சாம்பல் நிறமும் தெரியும். நடுவே அலைபோல ஒரு கோடு ஓடும். தோய்ச்சல் ஏறிய எஃகு, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய பகுதி, அந்தக் கோட்டோடு முடிகிறது. அதைத் தாண்டி ராவித் தள்ளினால் மிஞ்சுவது மெத்தென்ற இரும்பு.

பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள்.

கிரைண்டரில் தீட்டும்போது வாயில் ஒரு விரல்கடை அகலத்துக்கு நீலம் ஏறிவிட்டது. உப்புத்தாள் போட்டதும் நிறம் போய்விட்டது. சரியாகிவிட்டதுதானே?

நிறம்தான் போயிருக்கிறது. அது சூட்டில் எஃகின்மேல் படரும் மெல்லிய ஆக்சைடு படலம். ஏறத்தாழ 210 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், 250-ஐத் தாண்டினால் பழுப்பு, 280-ல் ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். நீலம் தெரிந்த இடத்தில் எஃகு இளகிவிட்டது என்று அர்த்தம். நிறத்தைத் தேய்த்து அழித்தாலும் கடினம் திரும்பாது.

அரத்தை இழுத்துப் பாருங்கள். நீலம் 2, 3 மி.மீ.க்குள் என்றால், அரம் மறுபடி முரண்டு பிடிக்கும் இடம்வரை கையாலேயே ராவி அந்த மெத்தான பகுதியை நீக்கிவிடலாம். விரல்கடை அகலம் என்றால் அவ்வளவையும் ராவித் தள்ளுவது வீண். கொல்லரிடம் கொடுத்து மறுபடி தோய்ச்சல் போடுவதே வழி.

இனி கிரைண்டரைத் தொட்டால் கையுறை இல்லாமல் பிடியுங்கள், சூடு விரலுக்கு முதலில் தெரியட்டும். ஒரு வீச்சுக்கு 2, 3 நொடி, உடனே தண்ணீரில் முக்கல். எடுக்கும்போது வாயில் சில துளிகளை விட்டுவையுங்கள். அவை கொதிக்க ஆரம்பித்தால் 100 டிகிரி வந்துவிட்டது. நிறுத்தி முக்குங்கள், ஆபத்துக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கிறது. சக்கரம் பளபளத்து அடைத்திருந்தால் வெட்டாது, சூடுதான் ஏற்றும். என்னைக் கேட்டால், வாயின் கடைசி 5 மி.மீ.க்கு அரமும் கல்லும் மட்டுமே.

வாயில் 5 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு பொக்கை. அதைச் சரிசெய்யும்போதே கீழ்ப்பகுதியை உள்வாங்க வெட்டி, மரம் செதுக்க ஏற்ற வடிவமாக்க ஆசை. முடியுமா?

முடியும், ஆனால் வரிசை முக்கியம். வேண்டிய வளைவை அட்டையில் வெட்டி, தலையில் வைத்துக் கோடு போடுங்கள். முதலில் வாயைக் கிரைண்டர் கல்லுக்கு நேர் எதிரே பிடித்து, பொக்கை மறையும்வரை முழு வளைவையும் பின்னுக்குத் தள்ளுங்கள். வாய் இப்போது 2, 3 மி.மீ. தடித்த மொட்டையாக இருக்கும். பயப்பட வேண்டாம், தடித்த வாய் சீக்கிரம் சூடேறாது. பொக்கையை மட்டும் சரிவில் வைத்துத் தேய்ப்பவர்களுக்குத்தான் வாய் அலை அலையாக முடியும்.

கீழ்ப்பகுதியை வெட்ட, கோட்டை ஒட்டி 5 மி.மீ. துளைகள் வரிசையாகப் போட்டு ஹேக்ஸாவால் இணையுங்கள். பின்பக்க இரும்பு மெத்து, அறுபடும். வாயை நெருங்கும்போது பிளேடு வழுக்கினால் தோய்ச்சல் பகுதிக்கு வந்துவிட்டீர்கள். அங்கே மட்டும் கிரைண்டரின் வெட்டுத் தகடு, தலையில் ஈரத்துணி சுற்றி, விட்டு விட்டு. உள்மூலையைக் கூர்மையாக விடாமல் வட்ட அரத்தால் உருட்டிவிடுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

பிறகு சரிவு. இருபக்கமும் சேர்த்து மரம் வெட்ட 25 முதல் 30 டிகிரி, பிளக்க 35 அளவில், செதுக்க 20 முதல் 25. தலையை வைஸில் இறுக்கி, 10 அங்குல அரத்தால் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். அரத்துக்குக் கைப்பிடி கட்டாயம், இந்த வேலைக்குக் கையுறையும் போடுங்கள். ஒரு பக்கம் 20 இழுப்பு என்றால் மறுபக்கமும் 20. வாய்க்கு 4, 5 செ.மீ. பின்னாலிருந்தே மெலிந்து வர வேண்டும். நுனியை மட்டும் கூராக்கிப் பின்னால் தடியாக விட்டால் மரத்தில் இறங்காமல் துள்ளும். கடைசியில் 200, பிறகு 600 நம்பர் கல்லை வட்டமாகச் சுழற்றி, மறுபக்கம் மடங்கும் பிசிறைத் தோலில் இழுத்து நீக்குங்கள்.

தலை ஆடுகிறது. தண்ணீர் வாளியில் ஊறவைத்தால் இறுகுகிறது, நாலு நாளில் மறுபடி ஆடுகிறது.

ஊறிய மரம் உப்பும்போது இரும்புச் சுவர் இடம் தராது. உள்ளே மர நாரே நசுங்கும். காய்ந்ததும் முன்பைவிட மெலிந்துவிடும். ஒவ்வொரு முறை ஊறவைக்கும்போதும் தளர்ச்சியை வளர்க்கிறீர்கள்.

புதுக் காம்பு நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும். அடிப்பக்கத்தைப் பார்த்தால் மர ரேகைகள் வாயின் திசையிலேயே ஓட வேண்டும். பக்கவாட்டில் வெளியேறினால் அங்கேதான் ஒடியும். நுழைத்துப் பாருங்கள், தட்டி எடுங்கள், இரும்பு உரசிக் கறுத்த இடத்தை மட்டும் செதுக்குங்கள், மறுபடி நுழையுங்கள். பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஏற்ற, காம்பைத் தலை கீழே தொங்கும்படி பிடித்து, அடிப்பக்கத்தை மரச்சுத்தியால் தட்டுங்கள். தலை தானாக மேலேறும். மேலே 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். முன்பே அறுத்துவைத்த பிளவு, துளை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். காய்ந்த மர ஆப்பை அதில் இறக்குங்கள்.

மேலிருந்து இறக்கும் வகைக் காம்புக்கு ஆப்பு வேண்டாம். தடித்த தலைப்பக்கமே பிடித்துக்கொள்ளும்.

காம்புக்கு வார்னிஷ் பூசலாமா?

வழுக்கும், கையில் கொப்புளமும் வரும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, ஊறாததைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. 3 முறை போதும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும்; குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள்.