மூடிப்போன மில்லுக்கு ஷிப்ட் கிளம்பும் மாமனார்

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது. பி அண்டு சி மில்லில் வேலை பார்த்தவர். மறதி நோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மதியம் ஆனால் 'ஷிப்டுக்கு நேரமாச்சு' என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். போன வாரம் பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளத்தோரம் நின்றவரை ஒரு ஆட்டோக்காரர் கூட்டிவந்து விட்டார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். வெளியே பூட்டிவிட்டுப் போகலாமா?
– பெயர் வேண்டாம், புளியந்தோப்பு

பதில்: பூட்டாதீர்கள், சகோதரி. உள்ளே கேஸ் இருக்கிறது, வழுக்கும் பாத்ரூம் இருக்கிறது. ஏதாவது ஒன்று ஆனால் அவரால் வெளியே வரவும் முடியாது, யாரும் உள்ளே போகவும் முடியாது. இந்த நிலையில் அவரைத் தனியாக விடுவதே சரியில்லை. சொந்தத்தில் ஒருவரோ, சம்பளத்துக்கு ஒரு ஆளோ, மதிய நேரத்துக்காவது கட்டாயம் வேண்டும். செலவுதான், தெரியும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அவர் சும்மா சுற்றவில்லை, வேலைக்குப் போகிறார். மில் 1996-லேயே மூடியாச்சு என்று நீங்கள் சொன்னால், அந்தச் செய்தி அவருக்கு ஒவ்வொரு நாளும் புதிதாக இடி விழுந்த மாதிரி இருக்கும், கோபம்தான் வரும். "சாப்பிட்டுட்டுப் போலாம் மாமா, இன்னும் நேரம் இருக்கு" என்று உட்கார வையுங்கள். எந்த செக்ஷன், கூட யார் வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். பேச ஆரம்பித்தால் பல நேரம் கிளம்பும் வேகம் அடங்கிவிடும். அதைவிட நல்லது, அவர் கிளம்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கூட ஒருவர் போய் ஒரு நடை நடந்து வருவது. நடக்க வேண்டும் என்று கால் கேட்கிறது. அதை அடக்கினால் ராத்திரி தூங்கமாட்டார்.

துணைக்கு ஒரு ஆள் வீட்டில் இருக்கும்போது கதவின் உச்சியில், அவர் பார்வை போகாத இடத்தில் ஒரு தாழ்ப்பாள் போடலாம். கதவில் ஒரு மணி கட்டுங்கள். சட்டைப்பையில் சீட்டு வைத்தால் எடுத்துப் போட்டுவிடுவார். உங்கள் போன் நம்பரைச் சட்டையின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். தெருமுனை டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, இஸ்திரி போடுபவர் எல்லாரிடமும் போட்டோவைக் காட்டி விஷயத்தைச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. போன வாரம் அவரைக் காப்பாற்றியது ஒரு ஆட்டோக்காரர்தானே?

மறுபடி காணாமல் போனால், 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடனே 100 அல்லது 112-க்கு போன் போடுங்கள். தண்டவாளம், கால்வாய்க்கரை, பழைய மில் பக்கம், இந்த இடங்களை முதலில் தேடச் சொல்லுங்கள். அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்பார்கள், அதனால் தினமும் காலையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். முதியோருக்கான 14567 நம்பரையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். மற்ற உதவிகளுக்கு வழி சொல்வார்கள்.

இன்னொன்று. இந்த அலைச்சல் சமீபத்தில் திடீரென்று அதிகமாகியிருந்தால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல், புதிதாகக் கொடுத்த மாத்திரை என எதுவும் காரணமாக இருக்கலாம். இந்த வாரமே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ கூட்டிப்போய்க் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.