மூன்று முறை வந்த வாள்: ஏஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் கார்டும் மனத்தெளிவும்

கேள்வி: தோழியோடு சேர்ந்து ஐந்து வருடமாக ஒரு சிறு தொழில் நடத்துகிறேன். சில மாதங்களாக எங்களுக்குள் மனக்கசப்பு. பிரிந்துவிடலாமா, தொடரலாமா என்று தெரியாமல் தவிக்கிறேன். தினமும் காலையில் ஒரு டாரட் கார்டு (குறி பார்க்கும் படச்சீட்டு) எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். போன மாதம் மட்டும் ஏஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ், அதாவது வாள் வகையின் முதல் கார்டு, மூன்று முறை வந்தது, அதில் இரண்டு முறை தலைகீழாக. அது மனத்தெளிவைக் குறிக்கும் கார்டு என்கிறார்கள். எனக்கோ குழப்பம்தான் கூடுகிறது. உறவை வெட்டிவிடச் சொல்கிறதா இந்தக் கார்டு?

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். வெட்டிவிடு என்று அந்தக் கார்டு சொல்லவில்லை. சேர்ந்தே இரு என்றும் சொல்லவில்லை. ஐந்து வருட உழைப்பும் ஒரு நட்பும் சம்பந்தப்பட்ட முடிவை ஒரு அட்டையிடம் விடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் மனம் கலங்கிக் கிடக்கும்போது சிக்கல் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று தேடிப் பார்க்க இந்தக் கார்டு நல்ல துணை.

கார்டை எடுத்து எதிரே வையுங்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ரைடர்-வெயிட் வகைக் கட்டாகத்தான் இருக்கும். 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டு அது. திட்டமிட்டவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட், படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். வரைந்தவர் பெயர் கட்டின் பெயரில் இடம்பெறாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஓரத்தில் அவருடைய கையெழுத்துச் சுழி இருக்கும், பாருங்கள்.

சாம்பல் வானம். ஒரு மேகத்திலிருந்து கை மட்டும் நீண்டு, நிமிர்ந்த வாள் ஒன்றைப் பிடித்திருக்கிறது. வாளின் நுனி ஒரு கிரீடத்துக்குள் நுழைந்து நிற்கிறது. கிரீடத்திலிருந்து ஒரு பக்கம் ஆலிவ் கிளையும் மறுபக்கம் பேரீச்சை ஓலையும் தொங்குகின்றன. மேற்கத்திய ஓவிய மரபில் ஆலிவ் சமாதானத்துக்கு, ஓலை வெற்றிக்கு. கீழே மொட்டை மலைகள். இந்த மலைகளைத்தான் கவனிக்கச் சொல்வேன். இதே கட்டில் உள்ள மற்ற மூன்று வகைகளின் ஏஸ் கார்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோல் ஏஸில் இலை துளிர்க்கிறது, தூரத்தில் ஒரு கோட்டை தெரிகிறது. கோப்பை ஏஸில் தண்ணீர் வழிந்து பூக்கள் மிதக்கின்றன. நாணய ஏஸில் ஒரு தோட்டமே இருக்கிறது. வாள் ஏஸில் மட்டும் ஒரு புல்கூட இல்லை. எனக்கு அது சொல்வது இதுதான்: இந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் துல்லியமாகத் தெரியும், ஆனால் இங்கேயே குடியிருக்க முடியாது. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு மலையிறங்கி மனிதர்களிடம் வந்துவிட வேண்டும்.

வாள் எப்படி மனத்தின் சின்னமானது என்பதையும் சொல்கிறேன், உங்கள் கேள்விக்குத் தேவைப்படும். டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில், வெறும் சீட்டு விளையாட்டாக. கோல், கோப்பை, வாள், நாணயம் என்பவை அந்த ஊர்ச் சீட்டின் நான்கு வகைகள், அவ்வளவுதான். நாம் சாதாரணச் சீட்டில் இஸ்பேடு என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘ஸ்பாடா’ இருக்கிறது. இத்தாலிய மொழியில் அதற்கு வாள் என்று பொருள். சீட்டுக்குள் ரகசிய ஞானம் இருப்பதாக முதலில் எழுதிப் பரப்பியவர்களில் ஒருவர் பிரான்சின் கூர் த ஜெபெலன், அது 1781இல். அதற்கும் நூறு வருடம் கழித்து, 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கம் நான்கு வகைகளையும் நான்கு பூதங்களோடு இணைத்தபோது வாளுக்குக் காற்று என்று வைத்தது. காற்று என்றால் எண்ணம், பேச்சு, அறிவு. வெயிட், ஸ்மித் இருவருமே அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள். இன்று நீங்கள் கேட்கும் ‘மனத்தெளிவு’ என்ற பொருள் அந்த வழியாக வந்து சேர்ந்தது.

ஆனால் வெயிட் தன் விளக்க நூலில் இந்தக் கார்டுக்கு எழுதிய பொருள் வேறு. வெற்றி, எதிலும் அளவு மீறிப் போதல், அன்பிலும் பகையிலும் பெரும் வேகம். தெளிவு என்று அவர் எழுதவே இல்லை. இரண்டு பொருளையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் இந்தக் கார்டு முழுசாகும் என்பது என் கருத்து. பல வருடங்களாகக் கார்டு பார்க்கிறேன். இந்த வாளைத் தவறாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: வேகத்தைத் தெளிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கோபத்தில் இருக்கும்போது எல்லாமே பளிச்சென்று தெரிவதுபோல இருக்கும். ‘இப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவள் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்’ என்று ஐந்து வருடத்தையும் ஒரே வரியில் அடக்கிவிடத் தோன்றும். அந்த வரி கூர்மையாகத்தான் இருக்கும். ஆனால் அது உங்களை அவசரப்படுத்தும், இன்றே பேசிவிடு, இப்போதே மெசேஜ் அனுப்பு என்று விரட்டும். உண்மையான தெளிவுக்கு அந்தப் பதற்றம் கிடையாது. இரவு தூங்கி எழுந்த பிறகும் அது அப்படியே இருக்கும், நாலு நாள் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. உங்கள் தோழியின் பக்கத்து நியாயத்தை, அவரே கேட்டால் ‘ஆமாம், இதைத்தான் நினைத்தேன்’ என்று தலையாட்டும்படி, உங்களால் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் நீங்கள் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். வாளுக்கு இரண்டு பக்கமும் கூர் என்பதை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, மூன்று முறை வந்ததற்கு வருவோம். இதைப் பார்த்துத்தான் நீங்கள் மிரண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கணக்கைப் பாருங்கள். 78 கார்டுகளை நன்றாகக் கலைத்துத் தினம் ஒன்று எடுத்துத் திரும்பப் போட்டால், 11 நாளுக்குள் ஏதாவது ஒரு கார்டு மறுபடி வருவதற்கே பாதிக்கு மேல் வாய்ப்பு. 30 நாளில் ஏதோ ஒரு கார்டு மூன்று முறையாவது வருவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். அது வாள் ஏஸ்தான் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால் அபூர்வம். வந்த பிறகு பார்த்தால் அபூர்வமில்லை. போதாததற்குக் கையால் கட்டுக்கட்டாக எடுத்துப் போட்டுக் கலைக்கும்போது கார்டுகள் அவ்வளவாக இடம் மாறுவதில்லை. 52 சீட்டுள்ள கட்டை, இரண்டாகப் பிரித்துப் பின்னிச் செருகும் முறையில் 7 தடவையாவது கலைக்க வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992இல் காட்டினார்கள். 78க்கு அதைவிடக் கொஞ்சம் கூட. நேற்று எடுத்த கார்டை மேலே வைத்து நாலு தடவை புரட்டிவிட்டு எடுத்தால் அதே கார்டு திரும்பி வருவதில் ஆச்சரியமில்லை.

அதனால் அது பொருளற்றது என்று சொல்ல வரவில்லை. அந்த மாதம் வேறு கார்டும் இரண்டு முறை வந்திருக்கலாம். அது உங்களுக்கு நினைவில் இருக்கிறதா? வாள் மட்டும் மனத்தில் தைத்தது என்றால், தைத்த இடம் உங்களுக்குள் ஏற்கெனவே புண்ணாக இருந்திருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது கார்டின் எண்ணிக்கை இல்லை, அதைப் பார்த்ததும் ‘வெட்டிவிடவா?’ என்று உங்கள் மனம் முதலில் கேட்ட கேள்விதான். கிரீடத்தையோ ஆலிவ் கிளையையோ பார்க்காமல் வெட்டுவதை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

தலைகீழாக வந்ததைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கலைக்கும்போது பாதிக் கட்டைத் திருப்பிப் போடுகிறவர்களுக்குத் தலைகீழ் நிறைய வரும். அதைக் கணக்கிலேயே எடுக்காத கார்டு வாசிப்பாளர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால், என் வாசிப்பு இது: வாள் கையில் இருக்கிறது, பிடிதான் சரியில்லை. தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்திருக்கிறீர்கள், அல்லது சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் மற்ற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். அந்தக் கோடுதான் உங்கள் வாள். இடது பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, கணக்கில் இருப்பது மட்டும். ‘மூன்று மாதமாக இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவில்லை’ என்பது இடது பக்கம். ‘அவள் என்னைத் தவிர்க்கிறாள்’ என்பது வலது பக்கம், அது உங்கள் ஊகம். ‘போன வாரம் இரண்டு முறை நான் கூப்பிட்டபோது எடுக்கவில்லை’ இடது. ‘எனக்குத் தெரியாமல் ஏதோ திட்டமிடுகிறாள்’ வலது. எழுதிக்கொண்டே போங்கள். கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் ஊகங்கள் எல்லாம் உண்மைகளின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். வலது பக்கம்தான் நீளும், பெரும்பாலும் எல்லோருக்கும் அப்படித்தான். அப்புறம் வலது பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேரே, அதை உறுதி செய்ய யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு கேள்வி எழுதுங்கள். குழப்பம் என்று நீங்கள் சொல்வதில் பாதி, கேட்காமல் விட்ட கேள்விகளாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எழுதுவதற்கு ஒரு பலன் உண்டு. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனத்தை அழுத்தும் விஷயத்தை எழுத வைத்தார். அதன் பிறகு பலர் அந்த முறையைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2007இல் மேத்யூ லீபர்மன் குழு, முகத்தில் தெரியும் உணர்ச்சிக்கு ஒரு பெயர் சூட்டினாலே அச்சத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் பரபரப்பு தணிவதைக் கண்டது. காற்று, சொல், அறிவு என்று வாளுக்குப் பொருள் வைத்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனாலும் சொல்லாக்கினால் மனம் கொஞ்சம் அடங்கும் என்பதை அனுபவத்தில் அறிந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை. கார்டு விளக்கம் எதைப் படித்தாலும் ‘எனக்கே எழுதியதுபோல இருக்கிறதே’ என்று தோன்றுவது இயல்பு. பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரே குணவிளக்கத்தைத் தனித்தனியாக எழுதியதுபோலக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் ஐந்துக்குப் போட்ட மதிப்பெண்ணின் சராசரி 4.26. ஆகவே நான் மேலே எழுதியதும் பொருந்துகிறது என்பதாலேயே உண்மையாகிவிடாது. உங்கள் தாளின் இடது பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் நிறுத்தச் சொல்வேன். ஒரே கேள்வியைத் தினமும் கேட்காதீர்கள். பதில் பிடிக்காமல் திரும்பத் திரும்பக் கார்டு எடுப்பது, இதே கட்டின் டூ ஆஃப் ஸ்வார்ட்ஸில் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வாளையும் மார்பின் குறுக்கே பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நிலை. பின்னால் கடல் விரிந்து கிடக்கிறது, அவள் பார்ப்பதில்லை.

இதோடு தூக்கம் கெட்டு, பசி குறைந்து, எதிலும் கவனம் நிற்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் கார்டை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வும் பதற்றநோயும் மட்டுமல்ல, ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடுகூட மூளையை மந்தமாக்கும். அதை மனக்குழப்பம் என்று நினைத்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

தாள் எழுதி முடித்து இரண்டு இரவு கழியட்டும். பிறகு தோழியிடம் நேரம் கேளுங்கள். பிரிவதைப் பற்றி முதல் வாக்கியத்தில் எடுக்காதீர்கள், வலது பக்கத்திலிருந்தும் எதையும் எடுக்காதீர்கள். இடது பக்கத்தின் முதல் வரியிலிருந்து தொடங்குங்கள்: “மூன்று மாதக் கணக்கை நாம் சேர்ந்து பார்க்கவே இல்லை, இன்றைக்குப் பார்த்துவிடலாமா?” அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை அன்று மாலையே அதே தாளில், இடது பக்கம், எழுதி வையுங்கள்.