கெமிக்கல் எஞ்சினியரிங்கில் படித்த ரியாக்டர் பாடம் பயோடெக்கில் செல்லுமா?

கேட்டவர் மூன்றாம் ஆண்டு கெமிக்கல் மாணவர். சிஎஸ்டிஆர் (உள்ளே வந்துகொண்டும் வெளியே போய்க்கொண்டும் இருக்கும் கலக்கும் தொட்டி), பிளக் ஃப்ளோ (கலக்காமல் வரிசையாக நகரும் குழாய்) என்று படித்ததெல்லாம் ஃபெர்மென்டர், அதாவது கிருமிகளை வளர்க்கும் தொட்டி, முன்னால் உதவுமா என்பது கேள்வி. உதவும். சில இடங்களில் தலைகீழாக உதவும்.

முதல் ஆர்டர் வினைக்கு (வினைபொருளின் செறிவுக்கு நேர் விகிதத்தில் வேகம் கொண்டது) பிளக் ஃப்ளோ சிறிய ரியாக்டரிலேயே முடிந்துவிடும், சிஎஸ்டிஆர் என்றால் தொட்டி பெரிதாகும் என்றுதானே படித்தோம்? செல் வளர்ச்சியில் வினையூக்கியே விளைபொருள்; செல்தான் செல்லை உண்டாக்குகிறது. குழாய்க்குள் வெறும் ஸ்டெரைல் மீடியத்தை (கிருமியில்லாத ஊட்டக் கரைசலை) அனுப்பினால் மறுமுனையிலும் மீடியம்தான் வரும். கலக்கும் தொட்டியிலோ விதையான செல்கள் எப்போதும் உள்ளேயே இருக்கின்றன. அதனால் இங்கே சிஎஸ்டிஆர்தான் முந்துகிறது.

ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஓட்டம் நிலைபெற்றால் செல்லின் வளர்ச்சி வேகமும் நீர்த்தல் வேகமும் (தொட்டியின் கொள்ளளவால் வகுத்த பம்ப் ஓட்டம்) சமம். உணவின் செறிவைப் பொறுத்து செல் வளரும் வேகத்தைத் தரும் மோனோ சமன்பாடு சொல்லும் உச்ச வேகத்தைத் தாண்டிப் பம்பை ஓட்டினால் செல்கள் அடித்துக்கொண்டு போய்விடும். புராஜெக்டின்போது ஒரு நாள் சாயங்காலம் பம்பைக் கூட்டிவிட்டு விடுதிக்குப் போனேன். காலையில் பார்த்தால் கலங்கலாக இருந்த தொட்டி பாலில்லாத டீ மாதிரி தெளிந்து கிடந்தது! வாஷ்அவுட் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

ஆலைகளில் தொடர் ஓட்டம் குறைவு. நாள்கணக்கில் ஓட்டினால் வேற்றுக் கிருமி நுழையும், நம் கிருமியும் மாறிப்போகும். அதனால் பெரும்பாலும் ஃபெட்-பேட்ச்தான், அதாவது எதையும் வெளியே எடுக்காமல் உணவை மட்டும் மெல்ல மெல்ல ஊட்டுவது. பேக்கரி ஈஸ்ட்டுக்குச் சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டினால், காற்று தாராளமாக இருந்தாலும் அது ஆல்கஹால் பக்கம் போய்விடும். சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். பக்கவினையை அடக்க ஒரு வினைபொருளை மெல்லச் சேர்ப்பது நமக்குப் பழகிய வித்தைதானே.

என்னைக் கேட்டால் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் ஆக்சிஜன். காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீரில், 25 டிகிரியில், லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம்தான் கரையும். லிட்டருக்கு மணிக்கு 100 மில்லிமோல் ஆக்சிஜன் குடிக்கும் அடர்ந்த கல்ச்சரில் (செல்கள் வளரும் கரைசலில்) காற்று நின்றால், அந்த இருப்பு பத்து விநாடிகூடத் தாங்காது. மோனோ எவ்வளவு வேகம் சொன்னாலும், வாயுவிலிருந்து திரவத்துக்கு ஆக்சிஜன் கடக்கும் வேகம்தான் கடைசியில் கடிவாளம்.

கல்லூரி லேபில் சின்ன ஃபெர்மென்டர் இருந்தால், அடர்த்தி குறைவான கல்ச்சரில் காற்றைச் சற்று நிறுத்தி ஆக்சிஜன் இறங்குவதைக் குறியுங்கள். அப்புறம் திறந்து ஏறுவதைக் குறியுங்கள். இறங்குவதிலிருந்து செல்களின் பசி தெரியும், ஏறுவதிலிருந்து கேஎல்ஏ, அதாவது ஆக்சிஜன் வாயுவிலிருந்து திரவத்துக்குக் கடக்கும் திறனைச் சொல்லும் எண், கிடைக்கும். ஆக்சிஜனை அளக்கும் ப்ரோப் மெதுவானது என்றால் மட்டும் அந்த எண்ணை நம்பாதீர்கள்.